கணக்கு வகுப்பில் சிறுகுழுச் சுழற்சி: மேசையில் இல்லாத பிள்ளைகளிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

பலகையில் 0.35, 0.4 என்று இரண்டு எண்களை எழுதி, எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு கூட்டம் சட்டென்று 0.4 என்று சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்க்க ஆரம்பிக்கும். இன்னொரு கூட்டம், "35 பெரிசு, 4 சின்னது, அதனால் 0.35" என்று அடித்துச் சொல்லும். மூன்றாவது கூட்டம் எந்தப் பக்கம் அதிகக் கை தூக்கியிருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் சேர்ந்துகொள்ளும். மூன்று கூட்டத்துக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தினால் முதல் கூட்டத்துக்கு அலுப்பு, மூன்றாவது கூட்டத்துக்குப் பயம். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நாம் பாடம் நடத்துகிறோம், அவர்களுக்கும் அரைகுறையாக.

இதற்கு ஒரு வழிதான் சிறுகுழுச் சுழற்சி. வகுப்பைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிக்கிறோம். ஒரு குழு ஆசிரியரோடு மேசையில் உட்காரும், மற்றவை தாங்களாகவே வேறு வேலைகளைச் செய்யும். குறிப்பிட்ட நேரம் ஆனதும் எல்லோரும் இடம் மாறுவார்கள். 3, 4, 5-ஆம் வகுப்புகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பின்னம், தசமம், நீள் வகுத்தல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் வயது அது. பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி விரிவதும் அங்கேதான். அதே சமயம், 15 நிமிடம் ஒரு வேலையைத் தானாகச் செய்யும் பக்குவமும் அந்த வயதில் வந்துவிடுகிறது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர் மேசையில் என்ன நடக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் தடவை, ஆழம் தெரியாமல் காலை விட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் நான்கு நிலையங்களையும், அதாவது குழுக்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடங்களையும், ஒரே நாளில் திறந்தேன். மேசைக்கான பாடத்தை மணிக்கணக்காகத் தயாரித்திருந்தேன். நடந்தது என்ன? மேசையில் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் என் தோளைத் தட்டிக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள். ஒருவனுக்குப் பென்சில் இல்லை, ஒருத்திக்கு விளையாட்டு விதி புரியவில்லை, இருவர் சண்டை, ஒருவன் "முடிச்சுட்டேன் டீச்சர்". புதன்கிழமை மேசைகளைப் பழையபடி வரிசையாகப் போட்டுவிட்டேன்.

மேசையில் இல்லாத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அது சரியாக இருந்தால் சுமாரான மேசைப் பாடம்கூடப் பலன் தரும். அது சரியில்லையென்றால் பிரமாதமான மேசைப் பாடமும் வீண். கீழே வரும் படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்

60 நிமிட வகுப்பு என்றால் நான் பிரிப்பது இப்படி: முழு வகுப்புக்கும் சேர்த்து 10 நிமிடம், முதல் சுற்று 20, இடம் மாற 2, இரண்டாம் சுற்று 20, மறுபடி இடத்துக்குத் திரும்ப 2, முடிப்பதற்கு 6. வகுப்பு 45 நிமிடம்தான் என்றால் 8, 14, 2, 14, 2, 5. ஒரே நாளில் நான்கு சுற்றும் ஓட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். சுற்றுக்கு 10 நிமிடம்கூடத் தேறாது. பிள்ளைகள் உட்கார்ந்து பென்சில் பெட்டியைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும்.

நாளுக்கு இரண்டு சுற்று என்றால் இரண்டு நாளில் நான்கு குழுவும் மேசைக்கு வந்துபோய்விடும். நான்கு நாளில் ஒவ்வொரு குழுவும் இரண்டு முறை. ஐந்தாவது நாளைக் காலியாக விடுங்கள். விடுபட்டவர்கள், வராமல் போனவர்கள், இன்னொரு தடவை தேவைப்படுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த நாள் உதவும்.

24 பேர் வரை இருக்கும் வகுப்புக்கு இந்தக் கணக்கு சரி. 40 பேர் இருந்தால்? நான்கு குழு என்றால் மேசையில் 10 பேர். பத்துப் பேரைச் சுற்றி உட்காரவைத்தால் அது சிறுகுழு இல்லை, மறுபடியும் ஒரு வகுப்பு. அதனால் எட்டுக் குழுவாகப் பிரியுங்கள், குழுவுக்கு 5 பேர். நாளுக்கு இரண்டு குழு வீதம் நான்கு நாளில் எட்டும் வந்துவிடும். மீதி ஏழு குழுவுக்கும் ஏழு விதமான வேலை தயாரிக்கத் தேவையில்லை. பாதிப் பேருக்கு விளையாட்டு, பாதிப் பேருக்குப் பயிற்சி, சுற்று மாறும்போது அப்படியே மாற்றிக்கொள்ளட்டும். ஒரே விளையாட்டின் நான்கு பிரதிகளைச் செய்வது, நான்கு விளையாட்டுகளை யோசிப்பதைவிட எவ்வளவோ சுலபம்.

படி 2: விடைத்தாளை மதிப்பெண்ணால் அடுக்காதீர்கள், தவறால் அடுக்குங்கள்

குழு பிரிப்பதற்கு முன்னால் நான்கைந்து கேள்வி கொண்ட ஒரு சின்னத் தாள் கொடுங்கள். அடுத்து நடத்தப்போகும் பாடத்துக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள். தாள்களை வாங்கியதும், 5-க்கு 2, 5-க்கு 3 என்று போட்டு வரிசைப்படுத்தத்தான் கை போகும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். 503 − 278. சரியான விடை 225. தவறான விடைகள் மூன்று வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 375, 235, 325. மூன்றுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறிதான். ஆனால் உள்ளே பாருங்கள்.

375 எழுதிய பிள்ளை, ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 3-லிருந்து 8 போகாது, சரி, 8-லிருந்து 3-ஐக் கழித்து 5. அடுத்து 7-லிருந்து 0-வைக் கழித்து 7. இந்தப் பிள்ளைக்கு 503 ஒரு எண்ணாகத் தெரியவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று இலக்கங்களாகத்தான் தெரிகிறது. இதற்குக் கடன் வாங்கும் முறையை இன்னும் பத்து முறை சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. நூறு, பத்து, ஒன்று கட்டைகளை எடுத்துக் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு வாரத்துக்கு.

235 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து வாங்கிப் பத்துகளின் இடத்தில் 10 போட்டிருக்கிறது. அங்கிருந்து ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு அந்த 10 என்பது 9 ஆகிவிட்டதைக் கவனிக்கவில்லை. நடுவில் 0 வந்தால் மட்டும் தடுமாறும் பிள்ளை இது. 15 நிமிடம் போதும்.

325 எழுதிய பிள்ளை பத்துகளை எல்லாம் சரியாக மாற்றிவிட்டு, நூறுகளில் 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கிறது. புரிதலில் குறையே இல்லை. விடையோடு 278-ஐக் கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் 603 என்று வந்து தானே முழித்துக்கொள்ளும்.

இந்த மூன்று பேரையும் "கழித்தலில் பலவீனமானவர்கள்" என்று ஒரே குழுவில் போட்டால் இரண்டு பேருடைய நேரம் போச்சு. சரியான விடை எழுதியவர்களிலும் ஒரு கண் வையுங்கள். இரண்டு எண்ணிலிருந்தும் 3-ஐக் குறைத்து, 500 − 275 என்று மாற்றி மனத்திலேயே 225 சொன்ன பிள்ளை ஒன்று இருக்கலாம். அதற்கும் மேசையில் இடம் உண்டு. அந்தப் பிள்ளையிடம், "கூட்டலுக்கும் இது செல்லுமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள், 15 நிமிடத்துக்கு வேலை ஓடும்.

அதனால் நான் தாள்களைத் தரையில் பரப்பி, ஒரே மாதிரித் தவறுகளை ஒரே குவியலில் போடுவேன். குவியல்தான் குழு. எண்ணிக்கை சமமாக வராது, 3 பேர் ஒன்றில், 7 பேர் ஒன்றில் இருப்பார்கள். பரவாயில்லை. 7 பேர் இருக்கும் குவியலை மட்டும் இரண்டாக்கலாம்.

குழுவுக்கு நிறத்தின் பெயரோ வடிவத்தின் பெயரோ வையுங்கள், ஆனால் பிள்ளைகளை ஏமாற்ற முடியாது. ஒரே குழு மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால், எந்தப் பெயர் வைத்தாலும் அது "தெரியாதவங்க குழு" என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாடம் மாறும்போதெல்லாம், கலைத்துப் போடுங்கள். பெருக்கலில் திணறுகிற பிள்ளை வடிவியலில் எல்லோரையும் தாண்டிப் போவதைப் பார்க்கலாம். அந்தப் பிள்ளை அதை உணர வேண்டும் என்பதற்காகவேனும் குழுக்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 3: நிலையங்களை அமையுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம்

ஆசிரியர் மேசை ஒன்று, தனிப்பயிற்சி ஒன்று, விளையாட்டு ஒன்று. ஆரம்பிக்க இவ்வளவு போதும். நான்கு குழு வைத்திருந்தால் விளையாட்டை இரண்டு இடத்தில் போடுங்கள். பழகிய பிறகு கணக்கு எழுதும் நிலையம் ஒன்றைச் சேர்க்கலாம். கணினியோ டேப்லெட்டோ இருந்தால் அதையும் ஒரு நிலையமாக்கலாம். இல்லையென்றால் ஒன்றும் குறைந்துபோகாது.

ஒரு விதியை மட்டும் எப்போதும் மீறாதீர்கள். ஆசிரியர் இல்லாத நிலையத்தில் புதிய பாடம் கிடையாது. அங்கே இருப்பதெல்லாம் இரண்டு வாரத்துக்கு முன் நடத்தி முடித்ததாக இருக்க வேண்டும். நேற்று சொல்லிக்கொடுத்த வேற்றினப் பின்னக் கூட்டலை இன்று தனிப்பயிற்சியில் வைத்தால், நாளைக்குள் பத்துப் பிள்ளைகள் தவறான முறையை இருபது முறை எழுதிப் பழகியிருப்பார்கள். அதை அழிப்பது, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

தனிப்பயிற்சித் தாளில் கணக்குகள் கொஞ்சமாக இருக்கட்டும். ஆறு கணக்கு "கட்டாயம்", அதற்குப் பிறகு நான்கு "விருப்பம்" என்று கோடு போட்டுப் பிரியுங்கள். விடைத்தாளை ஒரு உறையில் போட்டு அங்கேயே வையுங்கள். பார்த்து எழுதிவிடுவார்களே என்று பயப்படுவது நியாயம்தான். எழுதுவது பென்சில், சரிபார்ப்பது வேறு நிறப் பேனா என்று பிரித்துவிட்டால் அந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். விடை தவறு என்றால் அழிக்கக்கூடாது. பக்கத்தில் பேனாவால் திரும்பப் போட வேண்டும். அந்தப் பேனா எழுத்துதான் உங்களுக்குப் படிக்க வேண்டியது.

விளையாட்டு நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுழற்சியைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். நல்ல கணக்கு விளையாட்டுக்கு என் அளவுகோல் மூன்று: விதி இரண்டு வரியில் அடங்க வேண்டும், ஒரே விளையாட்டைப் பத்து நாள் ஆடினாலும் அலுக்கக்கூடாது, ஒவ்வொரு ஆட்டத்திலும் பிள்ளை ஏதாவது ஒன்றைக் காகிதத்தில் எழுதியாக வேண்டும். காகிதம் இல்லாத விளையாட்டு ஐந்தாவது நிமிடத்தில் வெறும் சீட்டுக்கட்டாகிவிடும்.

என் வகுப்பில் நிலைத்தவை இவை. முதலாவது, "ஆயிரத்துக்குப் பக்கத்தில்". 0 முதல் 9 வரை எழுதிய அட்டைகளில் ஆறை எடுத்து, இரண்டு மூன்றிலக்க எண்களை அமைத்து, கூட்டுத்தொகை 1000-க்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்ப்பது. 4, 7, 2, 5, 1, 8 வந்தால் ஒரு பிள்ளை 472 + 518 = 990 என்று மகிழும். பக்கத்துப் பிள்ளை அதையே 482 + 517 என்று மாற்றி 999 கொண்டுவரும். இடமதிப்பைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசினாலும் அந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது.

இரண்டாவது, "மீதிதான் மதிப்பெண்". அட்டை எடுத்து ஒரு ஈரிலக்க எண், பகடை உருட்டி வகுக்கும் எண். 47-ஐ 6 ஆல் வகுத்தால் மீதி 5, எனவே 5 மதிப்பெண். பகடையில் 1 விழுந்தால் ஏன் எப்போதும் பூச்சியம்தான் கிடைக்கிறது, 6 விழுந்தும் ஏன் ஒருபோதும் 6 மதிப்பெண் கிடைப்பதில்லை என்று பிள்ளைகளே வந்து கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பின்னச் சண்டை. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு அட்டை எடுத்து, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்துப் பின்னம் அமைக்க வேண்டும். இதில் 0 அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். பெரிய பின்னம் வைத்தவருக்கு வெற்றி, ஆனால் ஏன் பெரியது என்று மற்றவர் ஒப்புக்கொள்ளும்படி சொன்னால்தான். 3/8-ஐயும் 4/7-ஐயும் வைத்துக்கொண்டு, "ஒன்று பாதிக்குக் கீழே, இன்னொன்று பாதிக்கு மேலே" என்று ஒரு பிள்ளை வாதாடுவதைத் தூரத்திலிருந்து கேட்பது தனி சுகம்.

கணக்கு எழுதும் நிலையத்துக்கு ஒரே ஒரு யோசனை. 23 ÷ 5 என்று பலகையில் எழுதிவிட்டு மூன்று கதைகள் கேளுங்கள்: ஒன்றில் விடை 4 வர வேண்டும், இன்னொன்றில் 5, மற்றொன்றில் 3. ஐந்து பேர் ஏறும் வண்டிகளில் 23 பேர் போக எத்தனை வண்டி வேண்டும்? 5. ஒரு கட்டுக்கு ஐந்து பென்சில் வீதம் 23 பென்சிலில் எத்தனை முழுக்கட்டு? 4. கட்டாமல் மிஞ்சியது எத்தனை? 3. மீதியை எப்போது விடுவது, எப்போது மேலே ஏற்றுவது, எப்போது அதுவே விடையாகிறது என்பதைப் பயிற்சித்தாளால் கற்றுக்கொடுக்க முடியவே முடியாது.

படி 4: முதல் மூன்று வாரம் மேசையில் பாடம் இல்லை

இதுதான் எல்லோரும் தாவிப்போகும் படி. முதல் வாரத்தில் நீங்கள் மேசையில் உட்காரவே வேண்டாம். வகுப்பு முழுவதும் ஒரே விளையாட்டைக் கற்றுக்கொள்ளட்டும். எப்படி ஆடுவது என்பதோடு, அட்டையை எங்கிருந்து எடுப்பது, எங்கே திரும்ப வைப்பது, ஒரு அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்பதும் பாடம்தான். இரண்டு பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து ஆடச்சொல்லி மற்றவர்கள் பார்க்கட்டும். தவறாக ஆடிக்காட்டவும் சொல்லுங்கள், அதில் பிள்ளைகளுக்குக் குஷி அதிகம், மனத்திலும் நிற்கும்.

இரண்டாம் வாரம் இரண்டு நிலையம், இடையில் இடமாற்றம். இடம் மாறுவதை மட்டுமே தனியாகப் பயிற்சி செய்யுங்கள். ஒரு மணியோசை கேட்டதும் கையிலிருப்பதைக் கீழே வைப்பது, இரண்டாவது ஓசைக்கு அடுக்கிவைப்பது, மூன்றாவதற்கு நகர்வது. நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்பது உள்பட. முதல் நாள் ஐந்து நிமிடம் பிடிக்கும். வார இறுதிக்குள் 90 நொடிக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னொரு வாரம் அங்கேயே நில்லுங்கள். யார் எந்த நேரத்தில் எங்கே என்பதைக் காட்டும் அட்டவணையைப் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டுங்கள். "டீச்சர், நான் எங்க போகணும்?" என்ற கேள்விக்கு அந்தச் சுவர் பதில் சொல்லட்டும்.

"மூன்று பேரைக் கேள், அப்புறம் என்னிடம் வா" என்ற விதியை இந்த வாரத்தில் கொண்டுவாருங்கள். தாளை ஒருமுறை படி, பக்கத்தில் இருப்பவரைக் கேள், குழுவில் இன்னும் இருவரைக் கேள். அப்படியும் தெரியவில்லையென்றால் அந்தக் கணக்கை வட்டமிட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. வாந்தி, இரத்தம், அழுகை இந்த மூன்றுக்கு மட்டும் நேராக வரலாம் என்று நான் சொல்லிவைப்பேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

மூன்றாம் வாரம் நீங்கள் மேசையில் உட்காருங்கள், ஆனால் பாடம் எடுக்காதீர்கள். ஒரு குழுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களும் விளையாடட்டும், உங்கள் கண் மட்டும் வகுப்பில் இருக்கட்டும். யார் உங்களைத் தேடி எழுந்து வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் வாரம்தான் நிஜமான ஓட்டம்.

மூன்று வாரம் போய்விடுகிறதே, பாடத்திட்டம் என்னாவது என்று தோன்றும். முழு வகுப்புப் பாடம் நாளின் முதல் பகுதியில் நடந்துகொண்டுதானே இருக்கிறது. அத்தோடு, இந்த விளையாட்டுகள் எல்லாம் போன வருடப் பாடத்தின் மறுபார்வை. நான் இழந்ததாக உணர்ந்ததில்லை.

படி 5: ஆசிரியர் மேசை

உங்கள் முதுகு சுவர்ப்பக்கம், முகம் வகுப்புப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிலேட்டோ சிறிய வெள்ளைப்பலகையோ வேண்டும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், ஒருவர் சொல்ல நால்வர் கேட்கக்கூடாது. கட்டைகள், காகிதப் பட்டைகள், எண்கோடு எல்லாம் ஒரு பெட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எழுந்து போய் எடுத்துவரும் இரண்டு நிமிடத்தில் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும்.

20 நிமிடத்தில் முதல் இரண்டு மூன்று நிமிடம், அவர்களால் நிச்சயம் முடியக்கூடிய ஒரு கணக்கு. அப்புறம் பத்து நிமிடம் முக்கியமான வேலை. கடைசி ஐந்து நிமிடம் உதவி இல்லாமல் தனியாக ஒன்றிரண்டு. மிச்சமிருப்பது நீங்கள் குறிப்பெழுத.

அந்தப் பத்து நிமிடம் எப்படி இருக்கும்? 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலேயும் கூட்டி, கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். "இது தவறு, பகுதியைச் சமமாக்க வேண்டும்" என்று ஆரம்பித்தால் அவர்கள் தலையாட்டுவார்கள், நாளை மறுபடி 2/5 எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, "2/5 பெரிசா, பாதி பெரிசா?" என்று கேளுங்கள். பட்டையை மடித்துப் பார்க்கட்டும். ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு. "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைந்துபோச்சா?" இங்கே நிறுத்துங்கள். யாராவது ஒருவர் "ஐயையோ" என்பார். அந்த ஐயையோவுக்குப் பிறகுதான் 1/2 பட்டையையும் 1/3 பட்டையையும் ஒரே அளவுத் துண்டுகளாக மடிப்பது எப்படி என்ற தேடல் தொடங்குகிறது. ஆறு துண்டாக மடித்தால் 3/6, 2/6, சேர்த்து 5/6. முறை அவர்களிடமிருந்தே வரும், பெயரை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும்.

இங்கே ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் சொன்ன வரிசை உதவும். கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது. முதலில் பட்டை, பிறகு பட்டையின் படம், கடைசியில்தான் எண். மேசையில் ஒரு பிள்ளை தடுக்கினால் நான் செய்வது ஒரு படி கீழே இறங்குவது மட்டுமே. எண்ணில் தடுக்கினால் படம், படத்தில் தடுக்கினால் பட்டை. விளக்கத்தை உரத்த குரலில் திரும்பச் சொல்வது இறங்குவது ஆகாது.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்ல முன்வந்தவர்களும் கூடினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். மேசையில் உட்கார்ந்து மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள், யுகமாகத் தெரியும்.

இன்னொன்று: பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கி நீங்கள் எழுதிக்காட்டாதீர்கள். எழுதிக்காட்ட வேண்டுமென்றால் உங்கள் பலகையில் எழுதுங்கள். பென்சில் கைமாறிய நொடியில் அந்தக் கணக்கு உங்களுடையதாகிவிடுகிறது.

குறிப்பு எழுதப் பெரிய பதிவேடு வேண்டாம். வாரத்துக்கு ஒரு தாள், பெயருக்கு எதிரே மூன்றே சொற்கள்: "பட்டையோடு சரி", "0 விடுகிறான்", "அடுத்ததுக்குத் தயார்". மாதக் கடைசியில் பெற்றோரிடம் பேசும்போது இந்தத் துண்டுச் சொற்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் பேசும்.

படி 6: வழக்கமாக வரும் தொல்லைகள்

"முடிச்சுட்டேன்" என்பதற்கு ஒரு நிரந்தரப் பதில் வேண்டும். முடித்தவர்கள் விருப்பக் கணக்குக்குப் போகலாம், அதுவும் முடிந்தால் சொந்தமாக ஒரு கணக்கு எழுதிப் பெட்டியில் போடலாம். நல்ல கணக்கை அடுத்த வாரப் பயிற்சித்தாளில், எழுதியவர் பெயரோடு சேர்ப்பேன். அதற்காகவே வேகமாக முடிப்பவர்கள் உண்டு, அது வேறு தலைவலி. அவசரக் கிறுக்கலைப் பார்த்தால் தாள் திரும்பிப் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சத்தம் இருக்கத்தான் செய்யும். விளையாட்டில் வாதாடும் சத்தமும் வெட்டிப்பேச்சுச் சத்தமும் வேறு வேறு, ஒரு மாதத்தில் உங்கள் காது பிரித்துவிடும். எல்லை தாண்டினால் கத்தாதீர்கள். மணியை அடித்து, எல்லோரையும் நிறுத்தி, 20 நொடி அமைதிக்குப் பிறகு தொடரச் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் மூன்று முறை நிறுத்த வேண்டிவந்தால் அன்றைக்குச் சுழற்சி வேண்டாம். இடத்துக்குத் திரும்பச் சொல்லி முழு வகுப்பாக முடித்துவிடுங்கள், மறுநாள் புதிதாகத் தொடங்கலாம். அதைத் தண்டனையாகச் சொல்லத் தேவையில்லை.

விளையாட்டைக் கெடுக்கும் ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு அந்த விளையாட்டில் உள்ள கணக்கு தெரியாது, அதை மறைக்கத்தான் கூத்து. வாய்ப்பாட்டு அட்டையையோ எண்கோட்டையோ அந்த நிலையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துப்பாருங்கள். பாதிக் கூத்து அடங்கிவிடும்.

வராத பிள்ளைக்கு விட்டுப்போனதை அன்றன்றே ஈடுகட்ட முயலாதீர்கள். ஐந்தாவது நாள் அதற்குத்தான் இருக்கிறது.

படி 7: கடைசி ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு கேள்வி

எல்லோரும் இடத்துக்குத் திரும்பியதும், உள்ளங்கை அளவுச் சீட்டில் ஒரே கேள்வி. அன்றைய முழு வகுப்புப் பாடத்திலிருந்து அது வர வேண்டும், நிலையத்திலிருந்து வேண்டாம். பெயர் எழுதி வாசலில் கொடுத்துவிட்டுப் போகட்டும். திருத்த உட்காராதீர்கள். மூன்று குவியலாகப் போடுங்கள்: புரிந்தது, பாதி புரிந்தது, புரியவில்லை. 40 சீட்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.

மூன்றாவது குவியலில் நான்கைந்து பேர் இருந்தால் நாளைய முதல் குழு அவர்கள்தான், அட்டவணையில் யார் பெயர் இருந்தாலும் சரி. அதே குவியலில் பாதி வகுப்பு இருந்தால் நாளைக்குச் சுழற்சியே வேண்டாம். ஒரே தவறைப் பாதிப் பேர் செய்கிறார்கள் என்றால் தவறு பாடம் நடத்திய விதத்தில் இருக்கிறது. அதை எட்டுக் குழுவுக்கு எட்டு முறை தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பட்டைகளை எல்லோருக்கும் கொடுத்து, முழு வகுப்பாக உட்கார்ந்து, முதலிலிருந்து மடியுங்கள். புதிய அலகு தொடங்கும் முதல் நாளும் அப்படித்தான்.

சீட்டுகளை அடுக்கி ரப்பர் போட்டு வைத்துவிட்டு, நாளைய முதல் குழுவின் பெயர்களைப் பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போங்கள். காலையில் பிள்ளைகள் உள்ளே வரும்போதே, எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்திருக்கும்.